சில்வர்பில்லா, நம்மூர்ச் சில்லையா? பின்ச் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கூண்டுப் பறவைகளுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு, கடைக்காரர் சொன்ன பெயரும் கூண்டுக்குள் இருக்கும் பறவையும் ஒத்துப்போகாத சூழல் அடிக்கடி வருகிறது. ஆப்பிரிக்கன் சில்வர்பில் என்ற வெளிநாட்டு பின்ச் (தானியம் தின்னும் சிறு குருவி வகை) என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். உள்ளே இருப்பது நம் வயல்வெளியில் பிடித்த பறவையாக இருக்கும். 'புது வெரைட்டி பின்ச், டாக்டர்' என்பார்கள். பச்சைச் சாயம் பூசிய, நம்மூர்க் காட்டுக் குருவியான புள்ளிச் சில்லை தலையைக் குனிந்தபடி மூலையில் உட்கார்ந்திருக்கும். வாங்கியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு வாங்குவதில்லை. பெரும்பாலும் பிள்ளைகளுக்காக வாங்கியிருப்பார்கள். ஆனால் அந்தப் பறவைக்கும், சட்டத்தின் முன் அந்தக் குடும்பத்துக்கும், விளைவு ஒன்றுதான்.

அடிப்படை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜீப்ரா பின்ச், பெங்காலி, கோல்டியன் போன்றவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கப்படும் வெளிநாட்டுப் பறவைகள். அவற்றை நம் நாட்டில் வளர்க்கலாம். நாம் தினைக்குருவி, நெல்லுக்குருவி என்று அழைக்கும் சில்லைகளோ நம் மண்ணின் காட்டுப் பறவைகள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 'எங்கள் வீட்டுக் கூண்டில்தான் குஞ்சு பொரித்தது' என்று சொன்னாலும் சட்டத்தில் விலக்கு கிடையாது. இரண்டு கூட்டமும் எஸ்ட்ரில்டிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால்தான் அளவிலும் அலகிலும் உட்காரும் விதத்திலும் இவ்வளவு ஒற்றுமை, அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

அதிகம் ஏமாறுவது சில்வர்பில் விஷயத்தில். இந்தியச் சில்வர்பில்லைத் தமிழில் வெண்தொண்டைச் சில்லை என்கிறோம். முள்வேலி ஓரத்திலும் காய்ந்த புல்வெளியிலும் கூட்டமாகத் திரியும். தூக்கணாங்குருவி விட்டுப்போன பழைய கூட்டில் குடியேறுவதும் இதற்குப் பிடிக்கும். ஆப்பிரிக்கச் சில்வர்பில் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலங்களுக்குச் சொந்தமானது. இரண்டுக்கும் மணல் நிற முதுகு, வெளிறிய வயிறு, கூர்மையான கறுத்த வால், வெள்ளி போல் சாம்பல் நீலத்தில் தடித்த அலகு. பக்கவாட்டில் மட்டும் பார்த்தால் பழகிய கண்ணும் தடுமாறும்.

வித்தியாசம் இருப்பது பிட்டத்தில். வாலுக்குச் சற்று மேலே, மடக்கிய சிறகுகள் மூடியிருக்கும் இடம் அது. நம்மூர்ப் பறவைக்கு அங்கே பளிச்சென்று வெள்ளை. ஆப்பிரிக்கப் பறவைக்கு அதே இடம் கறுப்பு, வாலோடு சேர்ந்து ஒரே கறுப்பாகத் தெரியும். ஆப்பிரிக்கப் பறவையின் சிறகிலும் முதுகிலும் மிக மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும், கண்ணைச் சுற்றி நீலச் சாயலுள்ள வளையமும் உண்டு. ஆனால் கடை வெளிச்சத்தில் இவற்றை நம்பிப் பயனில்லை. பிட்டத்தைப் பாருங்கள். அதற்காகப் பறவையைப் பிடித்துக் காட்டச் சொல்ல வேண்டாம். அந்த அதிர்ச்சியே அதற்கு அதிகம். ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்குத் தாவும்போது செல்போனில் ஸ்லோமோஷனில் படம் எடுங்கள். சிறகு விரியும் அந்த ஒரு நொடி போதும், வெள்ளையா கறுப்பா என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கூண்டில் இரண்டையும் சேர்த்து வைத்தால் அவை கலந்து குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகளின் பிட்டம் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். 'கொஞ்சம் வெள்ளை கலந்த ஆப்பிரிக்கன்' என்று யாராவது விற்றால், அதன் பெற்றோரில் ஒன்று நம்மூர்ப் பறவையாக இருக்கலாம் என்று புரிந்துகொண்டு விலகிவிடுங்கள்.

அடுத்தது பெங்காலி. பெயரைப் பார்த்து வங்காளத்துப் பறவை என்று பலர் நினைக்கிறார்கள். காட்டில் எங்குமே இல்லாத, மனிதர் உருவாக்கிய வளர்ப்புப் பறவை இது. வெண்முதுகுச் சில்லையின் சீனக் கிளையினத்திலிருந்து வந்தது; ஜப்பானில் 250 ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்துப் பழக்கியிருக்கிறார்கள். உடலில் திட்டுத் திட்டாக வெள்ளை இருந்தால் குழப்பமே இல்லை, அது பெங்காலிதான். திட்டில்லாத முழு சாக்லேட் நிறப் பெங்காலியைப் பார்க்கும்போதுதான் நிதானம் தேவை. நம் காட்டிலுள்ள வெண்முதுகுச் சில்லைக்குக் கறுத்த மார்பு சட்டென்று முடிந்து, பால் வெள்ளை வயிறு தொடங்கும். கோடு கிழித்ததுபோல் தெளிவான எல்லை. பெங்காலிக்கு அந்த எல்லை கலங்கலாக இருக்கும், வயிற்றில் பழுப்புக் கீற்றுகள் ஓடும்.

நடத்தையும் நிறையச் சொல்லும். பெங்காலி மனிதர் அருகில் வந்தால் அலட்டிக்கொள்ளாது. அடுத்த பறவையின் முட்டையைக்கூட அடைகாத்து வளர்க்கும் சாது. கோல்டியன் குஞ்சுகளை வளர்க்க வளர்ப்பாளர்கள் இதைத்தான் செவிலித்தாயாக வைக்கிறார்கள். பிடித்துவந்த காட்டுச் சில்லை கை நீட்டியதும் கூரையில் முட்டும். அலகுக்கு மேலே நெற்றியில் சிராய்ப்பு, முனை உடைந்த வால் இறகு, இவை இரண்டும் சேர்ந்து இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சிவப்புச் சில்லையை ஸ்ட்ராபெர்ரி பின்ச் என்று விற்கிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை ரத்தச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும்போது யாருக்கும் அடையாளம் தெரியும். இந்தக் குடும்பத்தில் அபூர்வமாக, பருவத்துக்கு ஏற்ப உடை மாற்றும் பறவை இது. பருவம் முடிந்ததும் ஆணும் பெண்ணைப் போலப் பழுப்பாகிவிடும். அந்த நேரத்தில் அலகின் சிவப்பை மட்டும் பார்த்து ஜீப்ரா பெண் என்று எடுத்துவந்தவர்கள் உண்டு. ஜீப்ரா பெண்ணுக்குக் கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு இறங்கும், வாலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருக்கும். சிவப்புச் சில்லைக்கு எந்தப் பருவத்திலும் பிட்டம் சிவப்பு. சிறகில் சிறு வெள்ளைப் பொட்டுகள். இங்கேயும் விடை வாலுக்கு மேலேதான் இருக்கிறது.

கறுப்புத்தலை முனியா, அதாவது கருந்தலைச் சில்லை பற்றியும் கேட்கிறார்கள். கறுத்த தலையோடு வெள்ளை விலா உள்ளது ஓர் இனம், அதே கறுத்த தலையோடு, வெள்ளையே இல்லாமல் உடல் செம்பழுப்பாக இருப்பது இன்னோர் இனம். முன்பு இரண்டையும் ஒன்றாகவே கருதினார்கள். ஆர்வலர்களுக்கு இந்த வேறுபாடு சுவையானது. வாங்குபவருக்கோ தேவையில்லை, இரண்டுமே இந்தியாவில் வாழ்பவை, இரண்டையுமே வாங்கக்கூடாது.

மிகக் கடினமானவை இளம் பறவைகள். புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை இரண்டின் இளம் பறவைகளும் வெறும் பழுப்பு. மார்பில் செதில் போன்ற புள்ளிகளும் இல்லை, தலையில் கறுப்பும் இல்லை. ஒரு கூண்டில் எல்லாமே பழுப்பாக, கறுத்த அலகோடு இருந்தால் நான் பெயர் சொல்ல அவசரப்பட மாட்டேன். நீங்களும் அவசரப்படாதீர்கள். அவற்றின் தாய் தந்தையைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான வளர்ப்பாளர் கூண்டைத் திறந்து மகிழ்ச்சியாகக் காட்டுவார். இணைப்பு இல்லாத கால்வளையமும் நல்ல சான்று. குஞ்சு சில நாள் வயதாக இருக்கும்போது மட்டுமே அது காலில் ஏறும், வளர்ந்த பறவைக்குப் போட முடியாது. வெட்டுள்ள வளையத்தை எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம், அதை நம்பாதீர்கள்.

இளம் சில்லைகளின் வெறும் பழுப்பு நிறம்தான் சாயம் பூசுபவர்களுக்கு வசதி. பச்சை, மஞ்சள், ரோஸ் என்று எதை வேண்டுமானாலும் ஏற்றிவிடுகிறார்கள். கோல்டியனின் ஊதா மார்பும் மஞ்சள் வயிறும் அதன் சொந்த நிறங்கள். ஒவ்வொரு நிறமும் தெளிவான எல்லையோடு இருக்கும். சாயம் பூசிய பறவையில் ஒரே நிறம் திட்டுத் திட்டாக இருக்கும், அலகின் ஓரத்திலும் கால் செதிலிலும் ஒட்டியிருக்கும், இறகை ஊதி விலக்கினால் அடிப்பகுதி பழுப்பாகத் தெரியும். இறகைக் கோதும்போதெல்லாம் அந்தச் சாயம் உள்ளே போகிறது. இறகு தன் கதகதப்பைக் காக்கும் தன்மையையும் இழக்கிறது. 12 கிராம் எடையுள்ள உடலில் ஒரு கிராம் குறைவது சாதாரண விஷயமில்லை. அரை நாள் சரியாகத் தின்னாவிட்டாலே ஆபத்து. என்னிடம் வந்து சேரும் சாயப் பறவைகளில் பல, மருந்து கொடுக்கும் நிலையைத் தாண்டி வந்தவை. அதைச் சொல்லும்போது எதிரில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது எனக்கு எப்போதுமே கஷ்டம்.

இனத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது சிகிச்சைக்கும் முக்கியம். கோல்டியன் மூச்சுவிடும்போது 'டிக் டிக்' சத்தம் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது சுவாசப்பை உண்ணியை. காட்டிலிருந்து வந்த சில்லை வயிற்றுப்போக்கோடு வந்தால் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியும் புழுவும் இருக்கிறதா என்று எச்சத்தைப் பார்ப்பேன். அதனோடு சேர்த்து வைத்த உங்கள் பழைய ஜீப்ராக்களுக்கும் அது பரவியிருக்கலாம். அதனால் எந்தப் புதுப் பறவையையும் ஒரு மாதம் தனிக் கூண்டில், தனி அறையில் வையுங்கள்.

ஜாவா குருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தோனேசியாவைச் சேர்ந்த அந்தப் பறவையைக் கூண்டுக்காகப் பிடித்தே அதன் சொந்த மண்ணில் அருகிவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், 2022-இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதற்கு வழி இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் ஏற்கெனவே சில்லை வந்துவிட்டது என்றால்? கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். சாயம் பூசிய இறகோடு, பலவீனமான நிலையில், பழக்கமில்லாத தெருவில் அது தாக்குப்பிடிக்காது. ஷாம்பூ போட்டுக் கழுவவும் வேண்டாம். நனைந்த சிறு பறவை குளிரிலேயே போய்விடும். படம் எடுத்து வையுங்கள், மற்றப் பறவைகளிடமிருந்து பிரித்து, காற்றடிக்காத கதகதப்பான இடத்தில் கூண்டின் மூன்று பக்கம் துணி போட்டு மூடுங்கள், தினையோடு பால் பிடித்த பச்சைப் புல் கதிரும் கொடுங்கள். அன்றே அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சாயம் பிடித்த இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் வரை பறவையைப் பராமரிப்பில் வைத்து, நன்றாகப் பறக்கிறதா என்று பார்த்த பிறகு, அதே இனம் வாழும் இடத்தில்தான் விட வேண்டும்.