இ-நாம் ஏலம்: விலை கட்டாவிட்டால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு

களத்துக்கு வரும் வியாபாரி ஒரு கை நிலக்கடலையை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார். இரண்டை உடைத்துப் பல்லில் கடித்துவிட்டு, "ஈரம் இருக்கிறது" என்பார். அந்த ஒரு சொல்லால் மூட்டைக்கு எவ்வளவு குறைந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். உண்மையில் எவ்வளவு ஈரம் என்று கேட்டால் பதில் வராது. இந்த இடத்தில் விவசாயிக்குக் கைகொடுக்கக்கூடிய ஏற்பாடுதான் இ-நாம் என்னும் மின்னணு தேசிய வேளாண் சந்தை.

2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களின் 21 சந்தைகளில் இது தொடங்கியது. இன்று 1,300க்கும் மேற்பட்ட சந்தைகள் இதில் இணைந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இது ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியாக நடக்கிறது. ஊரில் நாம் 'கமிட்டி' என்கிறோமே, அதே இடம்தான். மூட்டை அங்கேயேதான் இறங்கும். விலை கேட்பது மட்டும் கணினிக்கும் கைபேசிக்கும் மாறியிருக்கிறது. முன்பு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு நடந்த மறைமுக ஏலத்தில், அன்று நேரில் வந்தவர்கள் மட்டுமே விலை கேட்க முடியும். இப்போது உரிமம் பெற்ற வியாபாரி வேறு மாவட்டத்தில் இருந்துகொண்டே உங்கள் கடலைக்கு விலை போடலாம். யார் எவ்வளவு கேட்டார் என்பதும் பதிவாகிவிடுகிறது.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், கைபேசி எண் ஆகியவற்றோடு விற்பனைக்கூடத்துக்குப் போனால் அங்கேயே பதிந்து தருவார்கள். கைபேசி எண் மட்டும் கட்டாயம் உங்களுடையதாகவோ வீட்டில் ஒருவருடையதாகவோ இருக்கட்டும். என் சித்தப்பா பதிவு செய்தபோது கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, உடன் வந்த ஒருவரின் எண்ணைக் கொடுத்துவிட்டார். ஏல விலை வந்த குறுஞ்செய்தி அந்த மனிதருக்குத்தான் போனது. சித்தப்பாவுக்கு விவரம் தெரிந்தபோது மூட்டைகள் எடைக்குப் போய்விட்டன.

சரக்கு வாயிலில் நுழைந்ததும் அதை ஒரு லாட்டாக, அதாவது ஏலத்துக்கான ஒரு தொகுதியாகப் பதிந்து, லாட் எண் தருகிறார்கள். அடுத்தது மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பது. இந்த நேரத்தில் டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். மறுமுறை சித்தப்பாவோடு நானும் போயிருந்தேன். ஊழியர் ஈரப்பதமானியில் கடலையைக் கொட்டி மூடினார். சில நொடிகளில் 10.5 என்று காட்டியது. அரசு கொள்முதல் தர அளவில் தோலுடன் கூடிய கடலைக்கு 8 சதவீதம்தான் வரம்பு. சித்தப்பா மூட்டைகளை அவிழ்த்து, கூடத்தின் உலர்களத்திலேயே இரண்டு நாள் காயவைத்துவிட்டு ஏலத்தில் சேர்த்தார். 'ஈரம்' என்ற சொல் எண்ணாக மாறியதால்தான் அந்த முடிவை அவரால் எடுக்க முடிந்தது. தர விவரம் பதியாமல் லாட்டை ஏலத்துக்கு விட்டால், வெளியூர் வியாபாரி எதை நம்பி விலை போடுவார்?

ஏல நேரம் முடிந்ததும் அதிக விலை கேட்டவர் யார் என்பது தெரிந்துவிடும். ஆனால் அதோடு விற்பனை முடிந்துவிடவில்லை, உங்கள் சம்மதம் வேண்டும். விலை கட்டவில்லை என்றால் மறுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. சரக்கை அடுத்த ஏலத்தில் வைக்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். விலை ஏறும் என்று தோன்றினால் கூடத்தின் கிடங்கில் இருப்பு வைத்து, சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கவும் வழி உண்டு. கடன் தவணைக்காக அவசரப்பட்டு விற்கிறவர்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சம்மதித்தால் எடை போட்டு, ரசீது போட்டு, பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் வரும். தமிழ்நாட்டில் சந்தைக் கட்டணமான 1 சதவீதத்தை வாங்குபவர்தான் கட்ட வேண்டும். உங்கள் பணத்தில் அதையோ தரகையோ பிடித்திருந்தால், அது என்ன கழிவு என்று அங்கேயே கேளுங்கள். இன்னொன்று, திரையில் வரும் விலை பெரும்பாலும் குவிண்டால் (100 கிலோ) கணக்கில் இருக்கும். 80 கிலோ மூட்டைக் கணக்கில் பழகியவர்கள் அதை மூட்டை விலை என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. அதே உள்ளூர் வியாபாரிகள் மூன்று பேர் மட்டும் ஒன்றாக உட்கார்ந்து கைபேசியில் விலை போட்டால், அது பழைய ஏலமேதான். அதனால் "என் லாட்டுக்கு எத்தனை பேர் விலை கேட்டார்கள்?" என்று ஒவ்வொரு முறையும் விசாரியுங்கள். இரண்டு மூன்று பேர்தான் என்றால் மறுப்பதைப் பற்றி யோசிக்கலாம். பத்து பேர் கேட்டும் அதே விலை என்றால், அன்றைய சந்தை நிலவரம் அதுதான்.

வண்டி வாடகை கொடுத்து மூட்டையைக் கொண்டுபோக முடியாதவர்களுக்குப் பண்ணைவழி வர்த்தகம் இருக்கிறது. விற்பனைக்கூடத்தில் சொன்னால் ஊழியர்கள் களத்துக்கே வந்து மாதிரி பார்த்து, படமெடுத்து, ஏலத்தில் ஏற்றுவார்கள். விலைக்கு நீங்கள் சம்மதித்த பிறகு வியாபாரி உங்கள் களத்தில் வந்து சரக்கை எடுத்துக்கொள்வார். சந்தேகம் இருந்தால் இ-நாம் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 270 0224. கூப்பிடும்போது லாட் எண் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருங்கள்.