பனிக்குடநீர்: இரட்டைக்கு இரண்டு கணக்கு

குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து ஸ்கேனுக்கு வேலூர் வரும் கர்ப்பிணிகளின் வீட்டார் தவறாமல் கேட்பது, "தண்ணி சரியா இருக்கா?" அந்தத் தண்ணிதான் பனிக்குடநீர். கருவைச் சுற்றியிருக்கும் சவ்வுப்பை பனிக்குடம்; பாட்டிமார் வாயில் பன்னீர்க்குடம். பனித்தல் என்றால் நீர் துளிர்த்தல் என்றும் பொருள். ‘கண் பனித்தது’ என்கிறோமே, அதே வினைதான்.

டாக்டர்கள் சொல்லும் ‘ஆம்னியான்’ கிரேக்கச் சொல். பலி கொடுத்த விலங்கின் இரத்தத்தைப் பிடிக்கும் கிண்ணத்துக்கும் அதே பெயர் இருந்திருக்கிறது. நம் குடம் எவ்வளவோ மேல்! ரிப்போர்ட்டில் வரும் ‘ஒலிகோஹைட்ராம்னியாஸ்’ பனிக்குடநீர்க் குறைவு. ‘பாலிஹைட்ராம்னியாஸ்’ பனிக்குடநீர் மிகை.

கர்ப்பத்தின் பிற்பாதியில் இந்த நீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். குழந்தையே அதை விழுங்கி மறுபடி வெளியேற்றும். அதனால் நீரளவு, குழந்தைக்கு இரத்த ஓட்டம் எப்படி என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

இரட்டைக் கர்ப்பத்தில் பெரும்பாலும் குடம் இரண்டு. ஆகவே "மொத்தத்தில் தண்ணி நார்மல்" என்பது பதிலே ஆகாது. ஒவ்வொரு குடத்திலும் ஆழமான நீர்த்தேக்கத்தைத் தனித்தனியே அளப்பார்கள். 2 முதல் 8 செ.மீ. வரை இருந்தால் சரி. இரண்டுக்கும் நஞ்சு (குழந்தையைத் தாயோடு இணைக்கும் நஞ்சுக்கொடி, பிளசென்டா) ஒன்றே என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நஞ்சிலுள்ள இணைப்புக் குழாய்கள் வழியே ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குப் போய்விடலாம். கொடுக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து நீர் 2 செ.மீ.க்குக் கீழே இறங்கும். வாங்கும் குழந்தைக்கு 8 செ.மீ.க்கு மேல் ஏறும், இதயத்துக்கும் சுமை கூடும். இதைத் தமிழில் ‘இரட்டையரிடைக் குருதிமாற்றம்’ எனலாம். ஒரே நஞ்சுள்ள இரட்டைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு இது வரும். அதனால்தான் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்.

"இளநீர் குடி, தண்ணி ஏறிடும்" என்ற வீட்டு யோசனை இங்கே எடுபடாது. தேவைப்பட்டால், கருப்பைக்குள் நுண்குழாய் விட்டு லேசரால் அந்த இணைப்புகளை அடைப்பார்கள்.

நீர் மிகுந்தால் குடம் முன்கூட்டியே உடைந்து குறைப்பிரசவம் ஆகலாம். வெகு சீக்கிரமே நீர் குறைந்து அப்படியே நீடித்தால் நுரையீரல் சரியாக வளராது. குருதிமாற்றத்தோடு பிறந்த இரட்டையரில் ஒன்று இரத்தசோகையோடும் மற்றது இரத்தம் மிகுந்தும் இருக்கக்கூடும். அதனால் பிரசவம், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் நடப்பது நல்லது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியா, வேறா என்பதை முன்பே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.