எம்.பி.ஏ.வுக்கு பி.பி.ஏ. தேவையில்லை, தேவையில்லை, தேவையில்லை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் கல்லூரியின் அட்மிஷன் மேசைக்கு ஒரே வசனம்தான் வரும்: "பின்னாடி எம்.பி.ஏ. படிக்க வைக்கணும் சார், அதனால பி.பி.ஏ. சீட்டு வேணும்." (பி.பி.ஏ. என்பது வணிக நிர்வாகத்தில் மூன்று வருட இளங்கலைப் படிப்பு.) இந்த ஆண்டு ஒருவர் வட்டிக்கு வாங்கி வேறொரு சுயநிதிக் கல்லூரியில் பி.பி.ஏ.வுக்கு முன்பணம் கட்டிவிட்டு, ரசீதை நீட்டி "சரிதானே சார்?" என்றார். மகளுக்கு வணிகக் கணிதத்தில் 97. அந்தப் பெண்ணுக்கு ஆசை எகனாமிக்ஸில். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எம்.பி.ஏ. சேர ஏதாவது ஒரு பட்டம் போதும். ஐ.ஐ.எம். என்ற மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களுக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுத இளங்கலையில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. எந்தப் பட்டம் என்று யாரும் கேட்பதில்லை. தேர்வில் வருவது ஆங்கிலம், தரவு அலசல், கணக்கு. மார்க்கெட்டிங்கில் ஒரு கேள்விகூடக் கிடையாது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர எழுதும் நம்ம ஊர் டான்செட் தேர்வும் அப்படித்தான்: தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம், விலங்கியல் படித்தவரும் எழுதலாம். உள்ளே போனால் ஐ.ஐ.எம். வகுப்பில் பொறியியல்காரர்கள் கூட்டம். அவர்களுக்காக முதல் பருவத்தில் பற்று எது, வரவு எது என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். பி.பி.ஏ. முடித்துப் போகிற பிள்ளை, மூன்று வருடம் படித்ததையே மறுபடி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பி.பி.ஏ. ஒன்றும் பாதி எம்.பி.ஏ. இல்லை. முகவரி அட்டையில் இருக்கும் இரண்டு எழுத்து ஒற்றுமையை நம்பி லட்சங்களைக் கட்டாதீர்கள்.

பி.பி.ஏ. மட்டம் என்று சொல்லவரவில்லை. (எகனாமிக்ஸ் வாத்தியார் வேறென்ன சொல்வார் என்று மேலாண்மைத் துறை நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது.) டிகிரி முடித்த கையோடு அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்காரப் போகிறவர், உடனே விற்பனை, எச்.ஆர். வேலைக்குப் போயாக வேண்டியவர் தாராளமாக எடுக்கலாம். 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்துவிட்டது. அந்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) தான் கனவு என்றால் பி.பி.ஏ., எகனாமிக்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு பி.காம் பக்கம் போங்கள்.

எகனாமிக்ஸுக்கு ஓடி வருபவர்களுக்கும் திட்டு உண்டு. "கணக்கு வராது சார், அதான் இது" என்று வந்து நிற்கிறார்கள். இங்கே பல கல்லூரிகள் பிளஸ் டூவில் கணக்கு இல்லாதவர்களையும் பி.ஏ.வில் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் டெல்லி பல்கலைக்கழகத்தின் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் படிப்புக்கு, க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வில் கணக்கு எழுதியே ஆக வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பொருளியல் முதுகலை நுழைவுத் தேர்வில் கணக்குக்கென்றே ஒரு தாள். வகையிடல் (டிஃபரன்ஷியேஷன்) தெரியாமல் மூன்று வருடம் ஓட்டியவர் அங்கே என்ன எழுதுவார்? முதல் வருடமே கணக்கைத் தொட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வெறும் பி.ஏ.வோடு நிற்பதாக இருந்தாலும் யோசியுங்கள். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு யு.பி.எஸ்.சி. கேட்பது பொருளியலில் முதுகலை. "பி.பி.ஏ. முடிச்சிட்டு எம்.ஏ. எகனாமிக்ஸ் மாறிக்கலாம்" என்பவர்கள், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலை என்று வரும்போது கிராஸ் மேஜர் (இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம்) சிக்கலில் மாட்டிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள்.

முன்பணம் கட்டியாயிற்றே என்று கலங்க வேண்டாம். விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு எவ்வளவு முன்பு விலகுகிறீர்களோ அவ்வளவு நல்லது. எழுத்தில் கேளுங்கள். கட்டாதவர்கள் முதலில் பல்கலைக்கழகத் தளத்தில் பாடத்திட்டத்தை இறக்கி, இரண்டு படிப்புகளின் இரண்டாம் ஆண்டுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். பிறகு கல்லூரிக்குப் போய், கேண்டீனில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்து, புள்ளியியல் நடத்த நிரந்தரமாக ஆள் இருக்கிறாரா, இன்டர்ன்ஷிப் என்று எங்கே அனுப்பினார்கள், அங்கே என்ன வேலை கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். பிராஸ்பெக்டஸில் அது இருக்காது.