ஏற மூச்சு வேண்டும், இறங்க முழங்கால் வேண்டும்

நீண்ட விடுமுறை முடிந்த கிழமையில் யாழ்ப்பாணத்து இயன்மருத்துவர்களிடம் இளைஞர்கள் சிலர் வருகிறார்கள். கிரிகல்பொத்த, கிரேட் வெஸ்டர்ன், நமுனுகுல என்று அதிகம் பேர் போகாத சிகரங்களில் ஏறி வந்தவர்கள். வீட்டுப் படியில் இறங்கக்கூட முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார்கள். சிவனொளிபாதமலைக்கு அப்பாலும் நம் பிள்ளைகள் மலை தேடிப் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அவர்கள் காலைக் கெடுத்துக்கொள்ளாமல் திரும்ப வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் பயப்படுவது ஏற்றத்துக்கு. மேலே ஒட்சிசன் போதுமா என்று கேட்கிறார்கள். இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலவே 2,524 மீற்றர்தான். அதற்கு அடுத்த கிரிகல்பொத்த 2,388 மீற்றர். இந்த உயரத்தில் மலைநோய் வருவது அரிது. கால்கள் அடிபடுவது இறக்கத்தில்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தாங்க வேண்டும். அப்படி இழுபட்டபடி உழைக்கையில்தான் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. வலி உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வரும். மேடுபள்ளம் அற்ற நிலத்தில் வளர்ந்த நமக்கு இந்த உழைப்பு பழக்கமில்லை. நாள்தோறும் சைக்கிள் ஓடுபவரும் இதில் விதிவிலக்கல்ல. மிதிக்கும்போது அந்தத் தசை சுருங்குகிறதே தவிர, நீண்டபடி பாரம் தாங்குவதில்லை.

இதற்கு மருந்து படிக்கட்டு. புறப்படுவதற்கு நான்கைந்து வாரங்களுக்கு முன்பே, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, மாடிக் கட்டடமொன்றின் படிகளில் இறங்கிப் பழகுங்கள். ஏறுவது எப்படியும் இருக்கட்டும். இறங்கும்போது காலைத் தொப்பென்று போடாமல், முழங்காலை மெல்ல மடக்கி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். பிறகு முதுகில் பையும் சேரட்டும். ஒருமுறை இப்படிப் பழகிய தசை சில வாரங்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தக்கவைத்துக்கொள்ளும். கணுக்காலுக்கு மணற்காட்டு மணல்மேடுகளில் நடப்பது நல்லது. ஆனால் அது படிக்கட்டுக்கு ஈடாகாது.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது தொட்டுபொல. 2,357 மீற்றர் உயரமான மூன்றாவது சிகரம், ஆனால் பாதை குறுகியது. கிரிகல்பொத்தவும் அதே ஹோர்ட்டன் சமவெளியில்தான் இருக்கிறது. போக மட்டும் ஏறத்தாழ 7 கிலோமீற்றர். சேறும் வேர்களும் நிறைந்த அந்த வழியில், களைத்துத் திரும்பும் கடைசி மணித்தியாலங்களில்தான் கணுக்கால் பிரளும். ஏ9 வீதியில் இரவு முழுதும் பஸ்ஸில் இருந்தபடி கண்ணயர்ந்து, விடிந்ததும் ஏறத் தொடங்கும் வழக்கத்தை விடுங்கள். ஓர் இரவு அங்கே படுத்து உறங்கிவிட்டு ஏறுங்கள்.

காலநிலையிலும் ஏமாறுகிறோம். ஓகஸ்ட் விடுமுறையில் இங்கே சோளகம் வீசும், மண் காய்ந்து கிடக்கும். அதே தென்மேற்குக் காற்றுதான் கிரேட் வெஸ்டர்ன் பக்கச் சரிவுகளில் மழையைக் கொட்டுகிறது. அந்த மாதங்களில் கிழக்கே பதுளைப் பக்கத்து நமுனுகுல பொதுவாக உலர்ந்திருக்கும். மேற்குச் சரிவுகளுக்குப் பெப்ரவரி, மார்ச் ஏற்றவை. நனைந்த பருத்திச் சட்டையும் காற்றும் சேர்ந்தால் உடல் வெகுவிரைவில் குளிர்ந்துவிடும். உலர்ந்த மாற்றுச்சட்டை ஒன்று பையில் கட்டாயம் இருக்கட்டும். கிரேட் வெஸ்டர்னில் பாதை தேயிலைத் தோட்டங்களைத் தாண்டித்தான் தொடங்குகிறது. தோட்டத்து மக்களிடம் வழி கேளுங்கள். மழை வருமா என்றும் கேளுங்கள். நம் மொழி பேசும் அவர்களுக்கு அந்த மலை தெரிந்ததுபோல் கைப்பேசி வரைபடத்துக்குத் தெரியாது.

திரும்பிய பின் தசைவலி தானாகவே ஆறும். மெதுவான நடையும் நிறையத் தண்ணீரும் போதும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது டைக்குளோபினாக் போன்ற வலிமாத்திரைகளை நீங்களாகவே விழுங்காதீர்கள், சிறுநீரகத்தைத் தாக்கும். தொடை வீங்கி, சிறுநீர் கடும் சாயத் தேநீர் நிறத்தில் போனால் அது சாதாரண வலியல்ல. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்துக்குள் இறங்குகிறது என்று பொருள். விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.