டிஸ்பியூட் என்றால் அடிதடி இல்லை

நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் பையில் கோர்ட் சம்மன், அதோடு ஐந்து மாதம் முன்பு வந்த வக்கீல் நோட்டீஸ். உரக்கடை பாக்கி ஒரு லட்சத்துச் சொச்சம் என்று இருந்தது. பாதிக்கு மேல் அவர் கட்டியாகிவிட்டது, துண்டுச்சீட்டுகளும் கையில் இருந்தன.

"அப்புறம் ஏன் பதில் போடவில்லை, ஐயா?"

"டிஸ்பியூட் இருந்தா பதினஞ்சு நாள்ல எழுதுங்கன்னு இங்கிலீசுல போட்டிருந்துச்சு சார். பேரன் அகராதியப் பாத்துட்டு தகராறுன்னான். நமக்கு எதுக்குத் தகராறுன்னு பேசாம இருந்துட்டேன்."

அகராதி சொன்னது தப்பில்லை. ஆனால் நம் ஊர்க் காதில் தகராறு என்றால் டீக்கடை வாசலில் சட்டையைப் பிடிப்பது. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு காரம் கிடையாது. ஒருவர் ஒன்றைக் கேட்கிறார், மற்றவர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார், அதுதான் டிஸ்பியூட். லத்தீனில் இதன் வேருக்குக் கணக்குப் பார்ப்பது என்று பொருள். கம்ப்யூட்டர் பிறந்ததும் அதே வேரில்தான். 'பில்லை டிஸ்பியூட் செய்கிறேன்' என்றால் 'இந்தக் கணக்கு எனக்குச் சம்மதமில்லை' என்று பொருள். தொழிற்சங்கத்துக்காரர்கள் 'தொழில் தாவா' என்பார்கள். என்னைக் கேட்டால் தகராறைவிட தாவா எவ்வளவோ மேல்.

டெல்டாக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதும் இல்லை. மாநிலங்களுக்கு இடையிலான ஆற்றுநீர்ச் சட்டத்தின் பெயரிலேயே 1956 முதல் அது இருக்கிறது. அந்தச் சட்டப்படி தனி விவசாயி தாவா எழுப்ப முடியாது. தீர்ப்பாயம் அமைக்கச் சொல்லி மாநில அரசுதான் மத்திய அரசிடம் கேட்க வேண்டும். காவிரிக்காகத் தமிழக அரசு 1986-ல் கேட்டது. அதற்கு முன்பே, 1983-ல், தஞ்சை விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. அந்த வழக்கில் வந்த உத்தரவுக்குப் பிறகே 1990 ஜூனில் தீர்ப்பாயம் அமைந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் டிஸ்பியூட் இருக்கிறது. நாம் தகராறைக் கழற்றிவிட்டு 'காவிரி நடுவர் மன்றம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

சரி, பெரியவர் விஷயம். நோட்டீஸுக்குப் பதில் போடாததாலேயே யாரும் தோற்றுவிட மாட்டார்கள். ஆனால் 'உண்மையாக இருந்ததால்தானே வாயைத் திறக்கவில்லை' என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும். சம்மன் வந்த பிறகும் சும்மா இருப்பதுதான் பெரிய ஆபத்து. எதிருரையை, அதாவது வழக்குக்கு நம் எழுத்துப்பூர்வமான பதிலை, முப்பது நாளில் தாக்கல் செய்ய வேண்டும். 'எல்லாம் பொய்' என்று ஒரே வரியில் எழுதினால் போதாது. எந்தத் தொகை சரி, எந்தத் தொகை தப்பு, ஏன் என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே சிவில் நடைமுறைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போதும் இப்படித்தான் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம். நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுச்சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எதிருரை தயார் செய்தேன். படித்துக் காட்டச் சொன்னார். பேனாவை வாங்கியவர் கொஞ்சம் தயங்கினார்.

"தகராறுன்னு எங்கயும் போடலியே, சார்?"

"இல்லை ஐயா. 'ஒப்புக்கொள்ளவில்லை' என்றுதான் இருக்கிறது."

கையெழுத்துப் போட்டார்.