மூக்: தமிழில் ‘திரள்படிப்பு’

மூக் என்பது மாசிவ், ஓப்பன், ஆன்லைன், கோர்ஸ் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கப்பெயர். பல்கலைக்கழகப் பாடமொன்றை, யார் வேண்டுமானாலும் இணையத்தில் சேர்ந்து, முதல் வகுப்பிலிருந்து தேர்வு வரை கட்டணமில்லாமல் படிக்கலாம் என்று தொடங்கிய ஏற்பாடு இது.

பாடக்குறிப்புகளை இணையத்தில் இலவசமாக வைக்கும் வழக்கம் இதற்கு முந்தியது. தன் பாடங்களை எல்லாருக்கும் திறந்துவிடப்போவதாக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-லேயே அறிவித்தது. ஆனால் அங்கே குறிப்புகளை எடுத்துப் படிக்கலாம், அவ்வளவுதான். விடையைத் திருத்த ஆள் கிடையாது, கூடப் படிப்பவர்களும் கிடையாது.

2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீஃபன் டவுன்ஸும் ஒரு பாடம் நடத்தினார்கள். பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் சுமார் 25 பேர். இணையம் வழியாக இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000 பேருக்கும் மேல். அதைப் பற்றிப் பேசும்போதுதான் டேவ் கார்மியர் என்ற கனடாவின் கல்வியாளர் ‘மூக்’ என்ற பெயரைச் சொன்னார். 2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு ஏறக்குறைய 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே இத்தகைய பாடங்களை நடத்தும் கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய இணையதளங்கள் வந்தன. பெயரும் பரவியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பாரிய திறந்த இணையவழிப் பாடநெறி’ என்று எழுதுகிறார்கள். இதில் ‘பாடநெறி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். கோர்ஸின் லத்தீன் வேருக்கு ஓட்டம், ஓடும் தடம் என்று பொருள். நெறி என்றாலும் வழிதான். ‘திறந்த’ என்பதைத் ‘திறந்தநிலை’ என்றால் இன்னும் தெளிவு. முன்தகுதி கேட்காமல் சேர்த்துக்கொள்வதைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயர் ஏற்கெனவே நமக்குப் பழக்கிவிட்டது.

இடறுவது ‘பாரிய’தான். அதைக் கேட்டால் பாடம்தான் பெரியது என்று தோன்றுகிறது. உண்மையில் பாடங்கள் சின்னச் சின்ன வீடியோக்கள். பெரியது, படிக்க வந்து கூடும் மக்கள். அந்தக் கூட்டம் ஆசிரியரின் வேலையையே மாற்றிவிடுகிறது. வகுப்பில் கணக்கின் குறியை மாற்றிச் சொல்லிவிட்டால் முன்வரிசையில் ஒருவர் கைதூக்குவார், அங்கேயே திருத்திக்கொள்ளலாம். கேமரா முன்னால் கைதூக்க யாருமில்லை. மறுபடி பதிவு செய்ய வேண்டியதுதான். விடையைக் கணினி திருத்துவதால் 0.5 என்று எழுதினாலும், வெறும் .5 என்றாலும், 1/2 என்றாலும் சரி என்று ஏற்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஒன்றை மறந்தால், சரியாகப் போட்ட ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே இரவில் ‘தவறு’ என்று வரும். வசன வரிகள் வேறு, ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்க்க வேண்டும்.

முடிப்பவர்கள் குறைவு என்ற குறை எப்போதும் உண்டு. எட்எக்ஸின் முதல் பாடமான மின்சுற்றுகளுக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேறியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆனால் ஆண்டுக்கு நூறு பேருக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியர் அத்தனை பேரைத் தேறவைக்க எழுபது ஆண்டுக்கு மேல் ஆகும். பாதியில் நின்றவர்களிலும், தனக்கு வேண்டிய ஒரு பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டு போனவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ‘பாரிய’வை விட்டு, ஆட்கள் கூடுவதைச் சொல்லும் ‘திரள்’ என்ற சொல்லை எடுக்கலாம். பலரிடம் சேர்க்கும் பணத்தைத் திரள்நிதி என்கிறோமே, அதே அச்சுதான். முறையான ஆவணங்களில் ‘பெருந்திரள் திறந்தநிலை இணையவழிப் பாடநெறி’ என்று ஒருமுறை முழுதாக எழுதலாம். அப்புறம் ‘திரள்படிப்பு’ போதும். ‘புள்ளியியலில் ஒரு திரள்படிப்பு முடித்திருக்கிறேன்’ என்று விண்ணப்பத்தில் எழுதிப் பாருங்கள், இயல்பாகவே இருக்கிறது.