இலை போடும் பீட்டா, பரிமாறும் காமா

ஆயில் ரெட் ஓ சாயத்தை ஊற்றிக் கழுவினால், கொழுப்புச் செல்லுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகள் செக்கச்செவேலென்று தெரியும். சுமார் எட்டு நாளுக்கு முன் அதே தட்டில் இருந்தவை மெலிந்து நீண்ட சாதாரணச் செல்கள். மரபணுக்கள் அன்றும் இன்றும் அவையேதான். எவற்றைப் படியெடுப்பது, எவற்றை மூடி வைப்பது என்பதுதான் மாறியிருக்கிறது.

இந்த மாற்றத்தைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி 3டி3-எல்1 என்ற எலிச் செல்களிலிருந்து வந்தது. 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹோவர்ட் கிரீன் உருவாக்கியவை. தட்டு நிரம்பி அவை பிரிவதை நிறுத்தியதும், கொழுப்புச் செல்லாக மாறத் தூண்ட, இன்சுலின், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதையவிடாத ஒரு வேதிப்பொருள் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள்.

சில மணி நேரத்திலேயே மரபணுக்களை இயக்கும் சி-ஈபிபி பீட்டா என்ற புரதம் குவிந்துவிடும். ஆனால் முழு வலுவோடு டி.என்.ஏ.வைப் பிடிக்க அதற்கு 14 மணி நேரமாவது ஆகும். கைனேஸ் நொதிகள் அதன்மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றி முடிக்க வேண்டும். அதற்கு முன்பே சில இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு, இறுகிக் கிடக்கும் குரோமாட்டினை, அதாவது புரதங்களில் சுற்றிய டி.என்.ஏ.வை, தளர்த்தி வைக்கிறது, பந்திக்கு முன்னால் வந்து இலை போடுபவரைப் போல. பின்னால் வரும் பிபார் காமா என்ற புரதம் உட்காருவது பெரும்பாலும் அப்படித் தளர்ந்த இடங்களில்தான்.

பிபார் காமாதான் இதில் பெரிய ஆள். 1994-இல் புரூஸ் ஸ்பீகல்மேன் குழு, கொழுப்போடு சம்பந்தமே இல்லாத நார்ச்செல்களில் அதைப் புகுத்தியது. அவை கொழுப்புச் செல்களாகிவிட்டன. ஆனாலும் அது தனியாக இயங்காது. ஆர்.எக்ஸ்.ஆர். என்ற புரதத்தோடு ஜோடி சேர்ந்து, ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற வரிசை ஓர் எழுத்து இடைவெளியில் இரண்டு முறை வரும் இடத்தைப் பிடிக்கிறது.

பிடித்த பிறகும் மரபணு திறந்துவிடாது. சும்மா இருக்கும் பிபார் காமாவோடு என்-கோர் போன்ற தடுப்புப் புரதங்கள் ஒட்டியிருக்கும். அவை கொண்டுவரும் நொதி, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் குழுக்களை நீக்கி டி.என்.ஏ.வை இறுக்கிவிடுகிறது. கொழுப்பமிலம் போன்ற ஒரு மூலக்கூறு பிபார் காமாவின் குழிக்குள் நுழைந்ததும், அதன் வால்பகுதிச் சுருள் மடிந்து மூடிக்கொள்ளும். தடுப்புப் புரதத்துக்கு இடமில்லை. பி300 என்ற நொதி வந்து அசெட்டைல் ஏற்றும்; மீடியேட்டர் என்ற புரதக் கூட்டம், மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியை அழைத்து வரும். ஆக, அதே புரதம்தான் பூட்டுவதும் திறப்பதும்.

கொழுப்பமிலத்தைச் சுமக்கும் எஃப்.ஏ.பி.பி.4 போன்றவற்றின் மரபணுக்கள் இப்படித் திறக்கின்றன. பீட்டாவின் உறவுப் புரதமான சி-ஈபிபி ஆல்ஃபாவும் பிபார் காமாவும் ஒன்றின் உற்பத்தியை மற்றொன்று தூண்டுவதால், தொடக்கத்தில் ஊற்றிய கலவையை எடுத்துவிட்டாலும் செல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

சர்க்கரை நோய்க்குத் தரும் பயோகிளிட்டசோன் உட்காருவதும் அதே குழியில்தான். கொழுப்புச் செல்லை வளர்க்கும் மருந்து சர்க்கரையைக் குறைப்பது வினோதமாகத் தோன்றலாம். ஈரலிலும் தசையிலும் போய்த் தேங்க வேண்டிய கொழுப்புக்குத் தோலடியில் இடம் கிடைக்கிறது என்பது ஒரு முக்கியக் காரணம். எடை கூடுவது அதற்கான விலை. பிபார் காமா மரபணு பழுதாகிப் பிறந்த சிலருக்கு இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம்: கை கால்களில் கொழுப்பு வற்றிப்போகும், சர்க்கரை நோயோ இளம் வயதிலேயே வந்துவிடும்.